நாற்பதாவது டப்பா

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஒரு டப்பா திருடன்.

எவர்சில்வர் டப்பா. வட்டமானது. கழுத்துப் பக்கம் ஒரு சின்ன நசுங்கல். பதினோரு நாள் அது மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் உள்ள என் வீட்டு அலமாரியில் இருந்தது. அந்தப் பதினோரு நாளில் கடைசி இரண்டு நாள், அதைத் திருடியது யார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. திருடனும் துப்பறிபவனும் ஒரே ஆளாக இருந்தால் வேலை சுலபமாக முடியும் என்றுதானே நினைப்பீர்கள்?

முடியவில்லை.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து போன். சாப்பாட்டை வைத்து நாலு பேருக்குப் பயன்படுகிற மாதிரி தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயிற்சி தருகிறார்களாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மென்ட்டர். "நீங்க ஒரு குழுவை எடுத்துக்கணும் சார்."

என் தொழில் வரலாறு இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்தத் தீவில் தென்னந்தோப்புக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, மெயின்லேண்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வரவழைத்து விற்கப் பார்த்தவன் நான். வண்டூர் கடற்கரைக்கு வரும் டூரிஸ்ட்டுகளுக்கு ஃபில்டர் காபி போட்டுத் தருகிறேன் என்று கிளம்பி, அவர்கள் எல்லோரும் இளநீர் கேட்டதால், மூன்று வாரம் காபியை நானே குடித்துத் தூக்கம் கெட்டவன்.

"நான் எதிலும் ஜெயிச்சதில்லையேம்மா" என்றேன்.

"அதனாலதான் சார். தோல்வியைப் பத்திப் பேச ஆளே கிடைக்கலை" என்றது அந்த இளம் குரல்.

இதற்கு மேல் ஒரு மனிதனை எப்படிப் பாராட்டுவது? ஒப்புக்கொண்டேன். அன்று மாலையே லேப்டாப்பைத் திறந்து ஸ்லைடு போட ஆரம்பித்துவிட்டேன். நாற்பத்தொன்பது ஸ்லைடு. 'சப்ளை' என்ற தலைப்பில் மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் காலியாக விட்டு, மூலையில் ஒரு கப்பல் படம் போட்டேன்.

எனக்கு ஒதுக்கிய குழு பாம்பூஃப்ளாட்டில் இருந்தது. நான்கு பெண்கள். தலைவி சரஸ்வதி. அவள் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேஸ்திரி வேலைக்கு வந்தவர். வீட்டில் அந்த ஊர்த் தமிழ், வெளியே தீவு ஹிந்தி. கோபம் வந்தால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். இரண்டாமவள் ஷெஃபாலி, பெங்காலிப் பெண். அவள் சுடும் லுச்சி — மைதாவில் வெள்ளைவெளேரென்று உப்பும் பூரி — அந்தத் தெருவில் பிரசித்தம். மற்ற இருவரும் மாவாட்டவும் பாத்திரம் பார்க்கவும்.

இவர்கள் யோசனை எளியது. காலையில் பாம்பூஃப்ளாட்டில் பாதிப் பேர் ஃபெர்ரி பிடித்து அக்கரைக்கு, சாத்தமுக்கு வருகிறார்கள். ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. பெரும்பாலும் வெறும் வயிறு. அவர்களுக்கு ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், காலை டிபன். ஒரு மாதம் ஒரு நாள் விடாமல் நடத்திக் காட்டினால், ஜெட்டி வாசலில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை ஒன்று போட்டுத் தருவதாகத் தொண்டு நிறுவனம் சொல்லியிருந்தது. அதுவரை குடைக்குக் கீழே வியாபாரம். இங்கே பெய்கிற மழையில் குடை என்பது ஒரு நம்பிக்கைதான்.

சரஸ்வதிக்கு அந்தத் தகரக் கூரைதான் எல்லாம். பத்து வருஷம் அடுத்தவர் ஹோட்டலில் பாத்திரம் கழுவியவள்.

"நம்ம கூரைக்குக் கீழ நின்னுக்கிட்டு, ஒரு ஆளப் பாத்து, 'ஏய், பாத்திரத்த ஒழுங்கா தேய்யி'ன்னு ஒரே ஒரு தடவ சொல்லிப்புடணும் சார். பஸ், அம்புட்டுத்தான்."

"அதற்கு ஒரு ஆள் வேண்டாமா?"

"நீங்க சும்மாதானே சார் இருக்கீங்க?"

மென்ட்டர் என்றால் என்ன என்பதை அவள் சரியாகவே புரிந்துவைத்திருந்தாள்.

என் முதல் ஆலோசனை: காகிதக் கப்பில் இட்லி, மேலே சாம்பார். ஜெட்டியில் வாங்கி, படகில் சாப்பிடலாம். நவீனம்! முதல் நாள், படகு நடுக்கடலுக்கு வந்ததும் காற்று ஒரு திருப்பு திருப்பியது. எல்லோருடைய சாம்பாரும் ஒரே திசையில் கிளம்பியது. அந்தத் திசையில் வெள்ளைச் சட்டையோடு ஒரு ஆபீசர் நின்றிருந்தார். அன்று மதியம் அவருக்கு ஏதோ இன்ஸ்பெக்‌ஷனாம். பாவம், அவரை எல்லோரும் இன்ஸ்பெக்ட் செய்திருப்பார்கள்.

இரண்டாவது ஆலோசனை: மேஜை நாற்காலி போடுவது. படகைப் பிடிக்க ஓடுகிறவன் எங்கே உட்காருவான் என்று சரஸ்வதி கேட்டாள். நான் ஸ்லைடைப் புரட்டிப் பார்த்தேன். அதில் இல்லை.

கடைசியில் வழி சொன்னதும் அவளேதான். சாம்பார் வேண்டாம். எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, அல்லது லுச்சியும் கெட்டியான பட்டாணியும். மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில். காலையில் வாங்கிக்கொண்டு போகலாம், மாலையில் இறங்கும்போது டப்பாவைத் தந்துவிட வேண்டும். டப்பாக்கள்? நான்கு பேர் வீட்டிலிருந்தும் வந்தன. மொத்தம் நாற்பது. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம். அதில் பத்து, ஷெஃபாலியின் மாமியாருடையவை. அந்த அம்மாள் கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்தவை. பெங்காலி எழுத்தில் அவர் பெயர்.

"டெபாசிட் வாங்குங்கள். டோக்கன் போடுங்கள். இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்" என்றேன். ஸ்லைடு இருபத்திரண்டு.

சரஸ்வதி என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

"சார், இது தீவு. டப்பாவத் தூக்கிக்கிட்டு எங்குட்டு சார் ஓடுவான்? சாயந்தரம் இதே போட்லதானே வந்து எறங்கணும்?"

நியாயம்தான். தப்பி ஓட முடியாது என்பதற்காகவே ஒரு காலத்தில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. டப்பாவுக்கு மட்டும் தனிச் சட்டமா?

மூன்றாம் நாள் நான் மேற்பார்வைக்குப் போனேன். லுச்சியும் பட்டாணியும் ஒரு டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். திரும்பும் படகில், கம்பியில் சாய்ந்து நின்று சாப்பிட்டேன். அருமை! சாத்தமில் இறங்கும்போது டப்பா என் பைக்குள் இருந்தது. வீட்டில் பத்மா — என் மனைவி — பையைக் குடைந்து எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். நான் மறந்துபோனேன். சுத்தமாக.

அடுத்த வாரம் வரை எல்லாம் ஜோர். பிறகு டப்பாக்கள் தாமதிக்க ஆரம்பித்தன. நாற்பதில் முப்பத்தைந்துதான் திரும்பியது. மறுநாள் முப்பது. அதே சமயத்தில் மெயின்லேண்ட் கப்பலும் வானிலை சரியில்லையென்று தாமதம். காய்கறிக் கடையில் வெங்காயம் இருந்த இடத்தில் வெங்காயத் தோல் இருந்தது.

பதிமூன்றாம் நாள் காலை சரஸ்வதியிடமிருந்து போன்.

"சார், கடை நின்னுரும் போல இருக்கு. ஷெஃபாலி மாமியார் டப்பாவ எண்ணியிருக்காக. ஒம்போதுதான் இருக்கு. 'பத்தாவது வர்ற வரைக்கும் நீ ஜெட்டிப் பக்கம் போகக் கூடாது'ன்னு சொல்லிப்புட்டாக. லுச்சி பந்த். மத்த ரெண்டு பேரும் அவுகவுக டப்பாவ எடுத்துட்டுப் போறோங்கிறாக. நான் மட்டும் இட்லிய எதுல வச்சுக் குடுப்பேன், தலையிலயா?"

படகேறிப் போனேன். போய் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். எனக்கு அது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. மறக்கத்தான் முடியவில்லை.

"அடுத்தவர் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்ற சின்னப் பண்புகூட இல்லாதவன் இந்த ஊரில் ஒருத்தன் இருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்காமல் விட மாட்டேன்."

இப்படிச் சொன்னேன். விரலை வேறு உயர்த்திச் சொன்னேன்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் பார்க்காமலே எல்லாவற்றையும் ஊகித்துவிடுவான். சரஸ்வதியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். யார் எடுத்தார், யார் தந்தார் என்று எழுதி வைத்திருந்தாள். ஓசியில் தின்ற மென்ட்டர் பெயரை மரியாதை கருதி எழுதவில்லை. அதிகம் தாமதிக்கும் ஆள் ஒருவர் அகப்பட்டார். கிருஷ்ணன். அரசு அலுவலகத்தில் கிளார்க். மதுரைக்காரர். தோளில் எப்போதும் ஒரு புடைத்த பை. இரண்டு டப்பா பாக்கி. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

"சே, அந்தண்ணன் அப்பிடி ஆளில்ல சார்" என்றாள் சரஸ்வதி.

"எல்லாத் திருடர்களையும் பற்றி இப்படித்தான் சொல்வார்கள்" என்றேன். இந்த வாக்கியத்தின் ஆழம் எனக்கே அப்போது தெரியவில்லை.

மறுநாள் முதல் படகில் பாம்பூஃப்ளாட் போய் ஜெட்டியில் நின்றேன். வரிசை நீண்டிருந்தது. கிருஷ்ணன் வந்தார். பை வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது.

"சார், ஒரு நிமிஷம். பையில் என்ன?"

"என்ன சார், கஸ்டம்ஸ்ல சேந்துட்டீகளா?"

"இரண்டு டப்பா பாக்கி இருக்கிறதாமே."

"ஆமா, இருக்கு. அதுக்கு?" என்று பையைத் திறந்தார். ஒரு டப்பாவில் முருங்கைக்கீரை, உருவிச் சுத்தம் செய்தது. இன்னொன்றில் நாலு எலுமிச்சம்பழம்.

"இதைத் தருவதற்கு இத்தனை நாளா?"

"டப்பா மொத நாளே வீட்டுக்குப் போயிருச்சு சார். படகுல கூட்டத்துல மறந்துட்டேன். வீட்டுக்குப் போனபெறகு அது நம்ம கையிலயா இருக்கு? 'வாங்குன பாத்திரத்த வெறுமனே குடுக்கப் போறியா, வெக்கமா இல்ல?'ங்கிறா வீட்டுக்காரி. சரி, கீரை பறிக்கலாம்னா மழை விட மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற தெலுங்கு அம்மாள் சிரித்தார். "மேரா பீ அய்சா ஹீ ஹை" — என் கதையும் இதேதான் — என்று தன் டப்பாவைத் திறந்து காட்டினார். பச்சை மிளகாய், தோட்டத்துக் காந்தாரி. அதற்கப்புறம் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். கறிவேப்பிலை. துருவிய தேங்காய். புளிச்சக்கீரை. ஒரு வீட்டுக் கருவாடு — மூடிக்கு வெளியேயே அறிவிப்பு வந்துவிட்டது. ஒரு மலையாளி வாத்தியார் டப்பாவில் வாழைக்காய் அடங்காமல் மூடியை நூலால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

தமிழோ, தெலுங்கோ, மலையாளமோ... எந்த பாஷைக்காரர் வீடானாலும் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் தருவதில்லை. ஆறேழு பாஷைகள் ஒரே தெருவில் குடியிருக்கும் ஊரில், எல்லோருக்கும் பொதுவாக இருந்தது இந்த ஒரு கூச்சம். எனக்கு அது எந்த ஸ்லைடிலும் தோன்றவில்லை.

சரஸ்வதி இடுப்பில் கை வைத்து அந்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெங்காயமில்லாமல் சட்னிக்கு என்ன செய்வதென்று நான்கு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தவள்.

"சார், ஒங்க படத்துல சப்ளைன்னு ஒரு பக்கம் காலியாக் கெடந்துச்சே..."

"ஆமாம்."

"அந்தக் கப்பல அழிச்சிட்டு இதப் போடுங்க."

நோட்டை எடுத்து டிக் அடித்தாள். எல்லாம் வந்தாயிற்று. முப்பத்தொன்பது. ஷெஃபாலி மாமியாரின் பத்தாவது மட்டும் இல்லை.

அப்போதுதான் மூன்றாம் நாள் தின்ற லுச்சி எனக்கு ஞாபகம் வந்தது. வெறுமனே தரக் கூடாது... வெறுமனே... போனை எடுத்தேன். ஜெட்டி இரைச்சலில் காது கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட எல்லா முதலீடுகளையும்விட மோசமான முடிவு அது.

"பத்மா... நம்ம வீட்டில், அந்த லுச்சி கொண்டுவந்த டப்பா..."

"பெங்காலி எழுத்து போட்டதுதானே? அலமாரியில பத்திரமா இருக்குங்க. வெறும் டப்பாவ எப்படித் தர்றது? ரவா லட்டு பிடிச்சுத் தரலாம்னு இருக்கேன். கடையில ஒடிஞ்ச முந்திரிதான் இருக்கு, முழுசு கப்பல் வந்தாத்தானாம். ஏன், அவங்க ஏதாவது கேட்டாங்களா?"

வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது.

கிருஷ்ணன்தான் தொண்டையைச் செருமினார்.

"சார்... ஒங்க பையக் கொஞ்சம் தொறந்து காட்டுறீகளா?"

ஜெட்டி முழுக்கச் சிரித்தது. படகு புறப்பட மணி அடித்த பிறகும்கூடச் சிலர் ஏறாமல் நின்று சிரித்தார்கள். ஆபீஸுக்கு அன்று தாமதமாகப் போனவர்கள் என்ன காரணம் சொன்னார்களோ தெரியாது. என் பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால் நன்றி.

சரஸ்வதி மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்கிறது பெறகு. சாயங்காலத்துக்குள்ள அந்த டப்பா ஷெஃபாலி வீட்டுக்குப் போவணும் சார். நாளைக்கும் லுச்சி இல்லேன்னா அந்த ரெண்டு பேரும் டப்பாவத் தூக்கிருவாக. கூரையும் போச்சு, நானும் போச்சு. இன்னுமா நிக்கிறீக?"

நின்றுகொண்டிருக்கவில்லை. அடுத்த படகில் ஓடினேன். ஒடிந்த முந்திரியே போதும் என்று பத்மாவிடம் கெஞ்சினேன். "முதமுதல்ல போற வீட்டுக்கு ஒடிஞ்ச முந்திரியா?" என்றாள். கடைசியில் முந்திரியே இல்லாமல் லட்டு பிடித்து, நானும் வருகிறேன் என்று அவளும் கிளம்பினாள். நான் தனியாகப் போனால் வேறெதையாவது எடுத்துக்கொண்டு வந்துவிடுவேனாம்.

ஷெஃபாலி வீட்டு வாசலில் மாமியார் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உருவம். கையில் டப்பாவைக் கொடுத்தேன். மூடியைத் திறக்கவில்லை. அடியில் வெட்டியிருந்த பெயரை விரலால் ஒரு தடவை தடவினார். அப்புறம் நசுங்கலைத் தடவினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நசுங்கல் ஏற்கெனவே இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பத்மா என் காலை மிதித்தாள்.

ஷெஃபாலி கதவோரம் நின்றிருந்தாள். கையில் மாவு. இரண்டு நாளாக ஜெட்டிக்குப் போகாவிட்டாலும், காலை நாலு மணிக்கு எழுந்து மாவு பிசைந்துகொண்டுதான் இருந்தாளாம். பழக்கமாம். வீட்டில் எல்லோரும் மூன்று வேளையும் லுச்சி தின்றிருக்கிறார்கள். மாமியாருக்கும் சலித்திருக்க வேண்டும்.

அவர் ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். நாங்கள் மூவரும் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காஜு நஹீ டாலா?" என்றார். முந்திரி போடவில்லையா?

"கப்பல் வரலை மா ஜி. ஜஹாஸ் லேட்" என்றாள் பத்மா.

கப்பல் தாமதம் என்றால் இந்தத் தீவில் மன்னிக்கப்படாத குற்றமே கிடையாது. அந்த அம்மாள் தலையை ஆட்டினார். உள்ளே திரும்பி ஷெஃபாலியிடம் என்னவோ பெங்காலியில் சொன்னார். ஷெஃபாலி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள். ஒன்பது டப்பாக்களை அடுக்கும் சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

புறப்படும்போது அந்த அம்மாள் பத்மாவைச் சும்மா அனுப்பவில்லை. பூசணிப் பத்தை நறுக்கிக் கொடுத்தார். எதில் என்கிறீர்கள்? ஒரு டப்பாவில். படகில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கப்பல் வந்தது. வெங்காயம் வந்தது. ஆனால் டப்பாக்களில் கீரையும் எலுமிச்சையும் வருவது நிற்கவில்லை. இன்று சட்னி என்ன என்பதை முந்தைய நாள் காலை ஜெட்டிதான் தீர்மானிக்கிறது. சரஸ்வதி ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருக்கிறாள்: டப்பாவில் ஏதாவது போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, மறுநாள் காலை டப்பா வந்துவிட வேண்டும். யாரும் போடாமல் தருவதில்லை. கிருஷ்ணன் மட்டும் ஒருநாள் வெறும் டப்பாவை நீட்டிவிட்டு, வீட்டில் சொல்லிவிடாதே என்று கெஞ்சினாராம்.

மாதம் முடிந்தது. ஒரு நாள்கூட விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரை போட்டார்கள். புதுத் தகரத்தில் மழை விழுந்து காதை அடைத்தது. சரஸ்வதி அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். சமூகம், நம்பிக்கை, பகிர்வு... மழைச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் யாருக்கும் கேட்டிருக்காது. அதுதான் நான் ஆற்றிய உரைகளிலேயே சிறந்தது என்று பத்மா சொல்கிறாள்.

பிறகு டிபன். ஆபீசர், கிருஷ்ணன், வாத்தியார், வந்தவர்கள் எல்லோருக்கும் பளபளவென்று ஆளுக்கொரு டப்பா போனது. என் முறை வந்தது. நானும் கையை நீட்டினேன்.

சரஸ்வதி என் கையைப் பார்த்தாள். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏ ஷெஃபாலி... சாருக்கு டப்பா மத் தேனா, குடுத்துராத. வாழையிலையில கட்டிக் குடு!"